நூதனசாலையின் சாவி ஆரிட்ட?

போன வருசம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நேரம், மாமா தன்ர தோட்டத்துக் கிணற்றைச் சுற்றிக் கட்டுறதுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார். நாலடி போயிருக்கும், மண்வெட்டி எதிலோ பட்டது. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒரு பெரிய பானையின் விளிம்பு. பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சில ஓடுகள், துருப்பிடித்துப் போன ஒரு இரும்புத் துண்டு.

முதலாம் வருடத்தில் தொல்லியலை ஒரு பாடமாக எடுத்தவள் நான். புத்தகத்தில் படமாகப் பார்த்தது காலடியில் கிடந்தால் எப்பிடி இருக்கும்? போனை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"புள்ள, போட்டோ எடுக்காத. ஆருக்கிட்டயும் சொல்லவும் வேணாம். சொன்னா நாளைக்கு வந்து பலகை நடுவாங்க. மறுகா இந்தக் காணி நமக்கில்ல."

அன்று பின்னேரமே அவர் அதை மண் போட்டு மூடிவிட்டார். மேலே ஒரு தென்னம்பிள்ளையையும் நட்டார். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று கிழக்கில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாமா செய்தது பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் "இல்ல மாமா, அறிவியுங்கோ, அது பத்திரமாக இருக்கும், உங்கட காணியும் உங்களுக்கே இருக்கும்" என்று சொல்லுற தைரியம் எனக்கு வரவில்லை. மூன்று வருடம் கலைப்பீடத்தில் படித்தும் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல முடியாமல் நின்றேன். இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

*

நூதனசாலைகள் பற்றி எங்கட ஆட்கள் எழுதினால் வழமையாக ஒரே கதைதான். வெள்ளைக்காரன் திருடினான், திருப்பித் தரட்டும். நானும் அதைத்தான் சொல்லுவேன், அதில் சந்தேகமே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டே மற்றதுக்கு வாறேன்.

லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் ஒரு தாரா தேவி சிலை இருக்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலம். உயரம் 143 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட என் தங்கச்சி அளவு. கி.பி. 8 ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், எங்கட கிழக்குக் கரையில். அதைக் கொண்டுபோனவர் றொபேர்ட் பிரௌன்றிக். 1815 இல் கண்டியைப் பிடித்த அதே ஆளுநர். 1830 இல் அந்தச் சிலை அவருடைய அன்பளிப்பாக நூதனசாலைக்குள் போனது. அவருக்கு ஆர் அன்பளித்தது என்று கேட்டால் பதில் இல்லை.

திருப்பிக் கேட்டால் லண்டன்காரர் ஒரு சட்டத்தைக் காட்டுவார்கள். 1963 ஆம் ஆண்டின் பிரித்தானிய நூதனசாலைச் சட்டம். ஒரே மாதிரி இரண்டு இருந்தால், பாழாகிப் பயனற்றுப் போனால் என்று சில விதிவிலக்குகள் தவிர்ந்தால், அறங்காவலர்கள் எதையும் கைவிட முடியாது. "எங்களுக்கு விருப்பம்தான், ஆனால் சட்டம் விடாது" என்று அறங்காவலர்கள் சொல்லுவார்கள். "அது அறங்காவலர்களின் விசயம், நாங்கள் தலையிட மாட்டோம்" என்று அரசாங்கம் சொல்லும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டு நிற்பார்கள். சட்டத்தை எழுதினதும் அவங்கட பாராளுமன்றம், திருத்தக்கூடியதும் அவங்கட பாராளுமன்றம்.

அடுத்த வாதம், "எங்களிடம் இருந்தால்தான் பத்திரம்." அந்த வாதம் 2023 ஓகஸ்ட்டில் செத்துப்போனது. பிரித்தானிய நூதனசாலையின் களஞ்சியத்திலிருந்து ஏறக்குறைய 2000 பொருட்கள் காணாமல் போயோ சேதமாக்கப்பட்டோ இருக்கின்றன என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சில பொருட்கள் இணையத்தில் ஏலத்துக்கு வந்திருந்தன. டென்மார்க்கில் இருந்த ஒரு பழம்பொருள் வியாபாரி 2021 இலேயே எச்சரித்திருந்தார், அதைக் காதில் போடவில்லை. பணிப்பாளர் ஹார்ட்விக் பிஷர் பதவி விலகினார்.

இதிலே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது திருட்டை அல்ல, அது ஏன் இவ்வளவு காலம் தெரியாமல் இருந்தது என்பதை. அங்கே சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. அதில் பெருந்தொகை முழுமையாகப் பதியப்படவே இல்லை. பதியாத பொருள் காணாமல் போனால், காணாமல் போனது என்பதற்கே சாட்சி இல்லை. 270 வருடம் பழமையான, உலகத்திலேயே பெரிய நூதனசாலைகளில் ஒன்றுக்கு இந்தக் கதி என்றால், எங்கட களஞ்சிய அறைகளை நினைத்துப் பாருங்கோ.

*

சரி, தாரா திரும்பி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுவம். எங்கே வருவாள்?

கொழும்புக்கு. வேறெங்கே? 2023 இல் நெதர்லாந்து அரசாங்கம் ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது எடுத்துப்போன லெவ்கே திசாவையின் பீரங்கி அதில் முக்கியமானது. அம்ஸ்ரர்டாம் றைக்ஸ் நூதனசாலையில் இருந்த அந்தப் பீரங்கியும், பொன்வாளும், வெள்ளிவாளும், ஒரு கத்தியும், இரண்டு துப்பாக்கிகளும் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்தன. நல்ல விசயம். நான் மனதாரச் சந்தோசப்படுகிறேன். 1934 இல் கண்டி அரசனின் சிம்மாசனமும் முடியும் பிரித்தானியாவிலிருந்து திரும்பி வந்ததும் நல்ல விசயம்தான்.

ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நடக்கிற காரியம். "இலங்கைக்குத் திருப்பித் தந்தோம்" என்றால் அதன் அர்த்தம், இலங்கையில் ஒரு அமைச்சின் கீழ் இருக்கிற ஒரு திணைக்களத்தின் களஞ்சியத்துக்குத் தந்தோம் என்பதுதான். கிழக்குக் கரையில் கிடைத்தவள் கிழக்கின் பிள்ளைகள் பார்க்கக்கூடிய தூரத்துக்கு வருவாளா? அவளுக்குக் கீழே வைக்கிற பலகையில் என்ன எழுதுவார்கள்? அந்தப் பலகையை எழுதுகிற மேசையில் ஆர் ஆர் இருப்பார்கள்?

லண்டனிடம் கேட்கிற கேள்வியைக் கொழும்பிடம் கேட்கக்கூடாது என்று ஆர் சொன்னது?

*

எங்கட பக்கம் இதை நூதனசாலை என்றுதான் சொல்லுறது. நூதனம் என்றால் புதுமை. பழசை அடுக்கி வைக்கிற இடத்துக்குப் புதுமைச்சாலை என்று பெயர் வைத்தவர் ஒரு பகிடிக்காரராக இருக்கவேணும். ஆனால் யோசித்துப் பார்த்தால் பெயர் சரி. உலகம் முழுக்கத் தேசிய நூதனசாலைகளில் இருக்கிற பழசு, அந்தந்த அரசாங்கம் தனக்குத் தேவையான மாதிரிப் புதிதாகச் செய்துகொண்ட பழசு.

போலந்தைப் பாருங்கோ. கிடான்ஸ்க் நகரத்தில் இரண்டாம் உலகப்போர் நூதனசாலை 2017 மார்ச்சில் திறக்கப்பட்டது. போரைத் தளபதிகளின் பக்கமிருந்து பார்க்காமல், பல நாட்டுச் சாதாரண சனங்களின் பக்கமிருந்து சொல்லுவது அதன் நோக்கம். அப்போது ஆட்சியில் இருந்த கட்சிக்கு அது பிடிக்கவில்லை. போலந்தின் வீரமும் தியாகமும் போதாது என்றார்கள். அமைச்சு என்ன செய்தது? பக்கத்தில் இன்னொரு நூதனசாலையை உருவாக்கி, இரண்டையும் ஒன்றாக இணைத்து, அந்தச் சாக்கில் பணிப்பாளர் பவெல் மக்செவிச்சை ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டது. திறந்து இரண்டு கிழமைக்கு மேல்தான். பிறகு காட்சிகளையும் மாற்றினார்கள். ஒரு குண்டும் தேவைப்படவில்லை. ஒரு நிர்வாகச் சுற்றறிக்கை போதும்.

அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு ஆளுநர் சபை இருக்கிறது. 17 பேர். பிரதம நீதியரசர், துணை ஜனாதிபதி, செனட்டிலிருந்து மூன்று பேர், பிரதிநிதிகள் சபையிலிருந்து மூன்று பேர், மிச்சம் ஒன்பது பேர் பொதுமக்கள். ஒரு கட்சி தனியாகப் பிடிக்க முடியாமல் செய்த ஏற்பாடு. அப்பிடியிருந்தும் 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் ஒரு நிறைவேற்று ஆணை போட்டார். நூதனசாலைகள் அமெரிக்க வரலாற்றை அவமதிக்கின்றனவாம், அவற்றிலிருந்து "தகாத கருத்தியலை" அகற்ற வேண்டுமாம், அதைத் துணை ஜனாதிபதி சபைக்குள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஓகஸ்ட்டில் எட்டு நூதனசாலைகளின் காட்சிகளையும் எழுத்துகளையும் வெள்ளை மாளிகை பரிசோதிக்கத் தொடங்கியது.

இதைப் பார்த்து "பார்த்தியா, சட்டம், சபை எல்லாம் இருந்தும் அரசாங்கம் கை வைக்குது, பிறகு என்னத்துக்குச் சபை?" என்று சிலர் கேட்பார்கள். நான் மறுபக்கமாகப் பார்க்கிறேன். அங்கே கை வைத்தது உலகத்துக்கே தெரிந்தது. ஆணை போடவேண்டி வந்தது, கடிதம் எழுதவேண்டி வந்தது, வரலாற்றாசிரியர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். ஒரு சுவர் இருந்தபடியால்தான் அதில் ஏறுகிறவனை எல்லாரும் கண்டார்கள்.

எங்களிடம் ஏறிக் கடக்கச் சுவரே இல்லை. தேசிய நூதனசாலைகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அரசாங்கத் திணைக்களம். பணிப்பாளர் ஒரு அரச உத்தியோகத்தர். தொல்லியல் திணைக்களமும் நூதனசாலைத் திணைக்களமும் இன்றைக்கு எந்த அமைச்சின் கீழ் என்று தெரியுமா? புத்தசாசன, சமய மற்றும் கலாசார அலுவல்கள் அமைச்சு. நல்ல மனிசர் அமைச்சராக இருக்கலாம், கெட்ட மனிசர் இருக்கலாம், அது வேறு கதை. ஒரு நாட்டின் எல்லா மக்களின் பழசையும் காக்கவேண்டிய நிறுவனம், பெயரிலேயே ஒரு சமயத்தை முதலில் வைத்திருக்கிற அமைச்சின் கீழே இருக்கிறது. இதை எந்த நல்ல மனிசராலும் சரிக்கட்ட முடியாது.

*

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிறெகரி தொடங்கியது, வரைபடம் ஸ்மிதருடையது. முன்னால் கிறெகரியின் சிலை நிற்கிறது. ஆனால் அந்த வெள்ளைக் கட்டிடத்தைக் கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று மரைக்கார் கேட்டாராம். நீண்ட காலம் வெள்ளியில் அது மூடித்தான் கிடந்தது என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. தேசியம் என்று பெயர் வைத்த ஒரு கட்டிடத்தின் வாரத்தில் ஒரு நாளை, அதைக் கட்டினவரின் தொழுகை தீர்மானித்திருக்கிறது.

உள்ளே என்ன இருக்கு? பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராஜர் இருக்கிறார். காரைக்கால் அம்மையார் எலும்பும் தோலுமாக, வாய் நிறையச் சிரிப்போடு தாளம் போட்டுக்கொண்டு இருக்கிறார். காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. எங்கட ஆட்கள் அங்கே போய் இதைப் பார்க்கவேணும். "அது அவங்கட இடம்" என்று ஒதுங்கிப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ. தேசிய நூதனசாலைகள் திணைக்களத்தின் பட்டியலில் வருகிற ஊர்களில் சில: கொழும்பு, கண்டி, காலி, இரத்தினபுரி, அநுராதபுரம். யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் இருப்பது தொல்லியல் திணைக்களத்தின் சின்ன நூதனசாலை. 'தேசிய' என்ற சொல் எந்தப் பாதையில் பயணம் செய்கிறது என்று நீங்களே கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோடு இருக்கிறது. அது காலக் கோடு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தில் எது தொல்பொருள் என்பதற்கு ஒரு திகதி போட்டிருக்கிறார்கள். 1815 மார்ச் 2. அதுக்கு முந்தினது தொல்பொருள். அன்றைக்குத்தான் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. பிந்தியவற்றையும் விசேடமாக அறிவிக்க வழிகள் உண்டு. ஆனால் அடிப்படைக் கோடு அதுதான். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இலேயே போர்த்துக்கேயரிடம் விழுந்துவிட்டது, அந்தத் திகதி எந்தச் சட்டத்துக்கும் கோடாகவில்லை. அதைக்கூட விடுவம். மலையகத்தை எடுங்கோ. கோப்பித் தோட்டங்களுக்கு சனங்களைக் கொண்டுவந்ததே 1820களில் இருந்துதான். அவர்கள் நடந்து வந்த பாதை, லயன் அறை, பிரட்டுக்களம், துண்டு, காமன்கூத்துப் பொருட்கள் எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம். 200 வருட வாழ்க்கை முழுவதும் சட்டத்தின் கண்ணில் 'பழசு' ஆகவில்லை!

கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டின பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இலங்கைத் தேயிலை நூதனசாலை இருக்கிறது. உருளை இயந்திரங்கள் உண்டு, ஜேம்ஸ் டெய்லர் உண்டு. கொழுந்து பறித்த கையின் கதைக்கு நீங்கள் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போகவேணும். அங்கே பழைய லயன் அறைகளுக்குள்ளே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று இருக்கிறது. அதை நடத்துவது அரசாங்கம் இல்லை, ஒரு அரச சார்பற்ற நிறுவனம். இயந்திரத்துக்குத் தொழிற்சாலை, மனிசருக்கு லயன். நூதனசாலையிலும் அதே வீடமைப்புத் திட்டம்தான்.

*

இனி மாமாவின் பயத்துக்கு வருவம்.

2020 யூனில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணியை வர்த்தமானியில் அறிவித்தார். தலைவர் ஆர்? தொல்லியல் பேராசிரியரா? பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. உறுப்பினர்களில் பௌத்த பிக்குகள் இருந்தார்கள், ஒரு ஊடக நிறுவன முதலாளியும் இருந்தார். தமிழ் பேசுகிற சனங்கள் பெரும்பான்மையாக இருக்கிற மாகாணத்துக்கென்று போட்ட செயலணியில், போட்ட நேரம் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை.

மாமா வர்த்தமானி படிக்கிறவர் இல்லை. ஆனால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பானை ஓடு கிடைத்தால் வருகிறவன் படிப்பாளி இல்லை, சீருடைக்காரன் என்ற செய்தி. அதன் பலனைப் பாருங்கோ. தொல்பொருளைக் காக்க என்று போட்ட செயலணியின் பெயரால் எத்தனை பானைகள் திரும்ப மண்ணுக்குள்ளே போயிருக்கும்? எத்தனை கல்வெட்டுத் துண்டுகள் துணி துவைக்கிற கல்லாகக் கவிழ்ந்து கிடக்கும்? ஒருத்தருக்கும் தெரியாது. பயம் பதிவேடு வைப்பதில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 இலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. வயலிலோ தோட்டத்திலோ பழம்பொருள் எடுத்தவர் மாவட்டத்தில் இருக்கிற அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் அளந்து, படமெடுத்து, பதிந்து, பொருளைத் திருப்பிக் கொடுப்பார். 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் இப்பிடிப் பதியப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. பொன், வெள்ளி மாதிரிப் புதையலாக இருந்தால் 1996 ஆம் ஆண்டின் சட்டம் இருக்கு: நூதனசாலை ஒன்று அதை எடுத்துக்கொண்டால் விலை மதிப்பிட்டு, கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் வெகுமதி. காணி காணிக்காரருடையதுதான். இந்தத் திட்டத்தை நடத்துவது ஆர் தெரியுமா? தாராவைத் தரமாட்டேன் என்கிற அதே பிரித்தானிய நூதனசாலை! தன் வீட்டு விவசாயியிடம் இவ்வளவு மரியாதையாக நடக்கத் தெரிந்த நிறுவனம் அது. அந்த மரியாதையைக் களவெடுத்துக்கொண்டு வருவம் என்கிறேன் நான்.

*

இப்ப எங்கட பக்கத்துக்கும் கொஞ்சம்.

காலி மும்மொழிக் கல்வெட்டின் படத்தை வருசத்துக்கு நாலு தரமாவது முகநூலில் காண்கிறேன். "பாருங்கள், 600 வருடத்துக்கு முன்னமே தமிழ்! சிங்களம் இல்லை!" என்று. ஓம், 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் இருக்கு. ஆனால் அந்தக் கல்லை வைத்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல். அதே தளபதி 1411 இல் இங்கே சண்டை பிடித்து அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவர். ஒரு வல்லரசின் கப்பற்படை எங்கட கரையில் வியாபாரமும் மிரட்டலும் செய்ததின் சாட்சி அந்தக் கல். அதைக் காணி உறுதி மாதிரித் தூக்கிப் பிடிக்கிறது அவங்கள் செய்கிற அதே வேலை.

தாரா சிலையும் அப்பிடித்தான். மகாயான பௌத்தத் தெய்வம். "அப்ப அது எங்கட இல்லை" என்று ஒரு தமிழ்ப் பொடியன் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். "அப்ப கிழக்கு எங்கட" என்று இன்னொரு பக்கம் சொல்லும். இரண்டுமே முட்டாள்தனம். 8 ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையில் அவளைக் கும்பிட்டவர்கள் எந்த மொழியில் கும்பிட்டார்கள் என்பது இன்றைய வாக்காளர் இடாப்பைப் பார்த்துச் சொல்லுற விசயம் இல்லை.

இன்னும் ஒன்று. எங்கட பண்பாட்டுக் கண்காட்சிகளைப் பாருங்கோ. தளைநாரும் முட்டியும் வைப்போம், "எமது பாரம்பரியத் தொழில்" என்று அட்டையில் எழுதுவோம். அந்த நாரைக் காலில் மாட்டினவரை எந்தக் கோயில் வாசலோடு நிற்பாட்டினோம் என்று எழுத மாட்டோம். பறை வைப்போம், அடித்தவரின் பெயர் வைக்க மாட்டோம். அரசாங்கத்தின் பலகையில் எங்களைக் காணவில்லை என்று கத்துகிற நாங்கள், எங்கட பலகையில் ஆரைக் காணவில்லை என்று பார்த்திருக்கிறோமா? சாவி கொழும்பிலிருந்து எங்கட ஊர்ப் பெரிய மனிசரின் மடிக்கு வந்தால் மட்டும் போதாது.

*

"சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுது, நூதனசாலை ஒரு கேடா?" 2022 இல் வரிசையில் நின்ற எங்களிடம் இந்தக் கேள்வியை லேசில் தள்ள முடியாது. பதிலுக்கு பிரேசிலைச் சொல்லுறேன்.

றியோ டி ஜெனீரோவில் 1818 இல் தொடங்கின தேசிய நூதனசாலை. சுமார் 2 கோடி பொருட்கள். மத்திய அரசின் பல்கலைக்கழகம் ஒன்றுதான் அதை நடத்துகிறது. பராமரிப்புக்கு வருடத்துக்கு வேண்டியது 5 லட்சத்து 20 ஆயிரம் றியால். ஒரு நாட்டின் கணக்கில் அது சில்லறைக் காசு. 2014 இலிருந்து அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. 2018 யூனில் ஒருவழியாக 2 கோடி 17 லட்சம் றியால் தர அரச வங்கி ஒப்புக்கொண்டது, தீத்தடுப்புக்கும் சேர்த்து. காசு வந்து சேரமுதல், செப்ரெம்பர் 2 ஆம் திகதி இரவு எரிந்தது. குளிரூட்டியில் தொடங்கின தீ. தீயணைப்புக்காரர் வந்தபோது பக்கத்து நீர்க்குழாய்களில் தண்ணீர் இல்லை. பேச ஆளில்லாமல் போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதோடு போயின. அந்த மொழிகளை இனி உலகத்தில் எங்கேயும் கேட்க முடியாது.

97,000 நூல்கள் எரிந்த 1981 ஐ வீட்டில் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கட நூலகத்தைக் கொளுத்தினார்கள், அவங்கட நூதனசாலையைக் கவனிக்காமல் விட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை. கொளுத்தினவனுக்குக் குற்றவாளி என்று பெயர் இருக்கு, கவனிக்காதவனுக்கு அப்பிடியொரு பெயரும் இல்லை. சாம்பல் மட்டும் ஒரே நிறம்.

2012 இல் கொழும்பு நூதனசாலைக்குள்ளேயே திருட்டு நடந்தது. அதே வருடம் பெப்ரவரியில் மாலைதீவு தேசிய நூதனசாலைக்குள் ஒரு கும்பல் புகுந்து, இஸ்லாத்துக்கு முந்திய பௌத்தச் சிலைகளை நொறுக்கியது. சுமார் 30 பொருட்கள். இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை.

*

நான் கேட்பது பெரிய காசு வேண்டிய விசயங்கள் இல்லை.

முதலாவது பதிவேடு. எங்கட பொருட்கள் வெளிநாடுகளில் எங்கெங்கே இருக்கின்றன என்று நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி.எச்.டி.எச். டி சில்வா 1975 இலேயே ஒரு பெரிய பட்டியல் புத்தகம் போட்டார். நல்லது. இப்ப உள்நாட்டுக் களஞ்சியங்களில் இருக்கிறதுக்கும் அதே மாதிரி ஒன்று வேணும். எந்த ஊரில், எந்தக் காணியில், எந்த வருடம் கிடைத்தது என்று படத்தோடு, மூன்று மொழியிலும், எல்லாரும் இணையத்தில் பார்க்கிற மாதிரி.

இரண்டாவது சபை. அமைச்சர் நினைத்த நேரம் தூக்க முடியாத, ஒன்பது மாகாணத்திலிருந்தும் ஆட்கள் இருக்கிற சபை. தொல்லியல், நூதனசாலை இரண்டும் எந்தச் சமய அமைச்சின் கீழும் இருக்கக்கூடாது. பாதுகாப்பு அமைச்சின் வாசனையே வரக்கூடாது. தனியாருக்குக் கொடு என்று நான் சொல்லவில்லை, அப்பிடி வாசிக்காதேங்கோ. காசு அரசாங்கத்தின் காசாகத்தான் இருக்கவேணும், ஏனென்றால் அது எங்கட வரி. கதை அரசாங்கத்தின் கதையாக இருக்கக்கூடாது.

மூன்றாவது, 1815 மார்ச் 2 என்ற கோடு அழியவேணும்.

நான்காவது பலகை. பெயர் சொல்லாமல் ஒரு அரச நூதனசாலையைச் சொல்லுறேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று தமிழ்ப் பலகையை மூன்று தரம் வாசித்தும் விளங்காமல், கடைசியில் ஆங்கிலத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை அந்தப் பலகையை வாசிக்கவே முயற்சிக்கவில்லை. எழுத்து இருந்தது, மொழி இல்லை. தமிழில் யோசிக்கிற ஒருவர் தமிழில் எழுதினால் போதும், அதற்கு எந்த நாட்டு உதவியும் தேவையில்லை.

ஐந்தாவது மாமா. பொருளைக் காட்டுகிறவரின் காணிக்கு ஒன்றும் நடக்காது என்ற உத்தரவாதம். சட்டப் புத்தகத்தின் ஏதோ ஒரு பிரிவில் இருந்தால் காணாது. பிரதேச செயலகத்தில் தமிழில் ஒட்டியிருக்கவேணும், வருகிறவர் தமிழில் பேசவேணும், சீருடை இல்லாமல் வரவேணும்.

இதை எழுதுகிறேன் என்று மாமாவிடம் போனில் சொன்னேன். முதலில் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார், "ஊர் பேரு போடல்லதானே?" இல்லை என்றேன். "அப்ப சரி. தென்னம்பிள்ள நல்லா வந்திருக்கு. வேர் இறங்க முதல் ஏதும் மாறினா சொல்லு."

தென்னம்பிள்ளை வேர் இறங்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.